முதுகில் சோளகம், முகத்தில் வாடை

சைக்கிள் விடுமுறை என்றதும் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் கண்முன் வந்து நிற்பது மலைதான். ஆல்ப்ஸ் மலையில் ஒரு விருந்தினர் இல்லம், காலையில் பாணும் பாற்கட்டியும், வாசலிலிருந்தே தொடங்கும் ஏற்றம், மாலையில் காலை நீட்டிப் படுக்க ஒரு மர அறை. திட்டமிடுவதும் எளிது. எத்தனை கிலோமீற்றர், எத்தனை மீற்றர் உயரம், எத்தனை வளைவு என்று மூன்று எண் தெரிந்தால் போதும். பிரான்சில் பெயர் பெற்ற அல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கி.மீ., 21 கொண்டை ஊசி வளைவு, சராசரிச் சரிவு 8 விழுக்காடு. அந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் தொடையை ஒருமுறை தட்டிப் பார்த்தால் போகலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

சூரிச்சில் இருக்கும் மருமகன் ஒருவன் அதே பழக்கத்தில், புத்தளம் கரையோரம் ஓட வரப்போவதாகச் சிலாபத்து மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

“மாமா, நீர்கொழும்பிலயிருந்து கற்பிட்டி வரைக்கும் மொத்தம் எவ்வளவு ஏற்றம் வரும்?”

“ஏற்றமோ? பாலம் வாற இடத்தில கொஞ்சம் ஏறி இறங்குவாய். வேற ஒண்டுமில்லை.”

“அப்ப லேசுதானே?”

“நீ எந்த மாசம் வாறாய்? முதல் அதைச் சொல்லு.”

மாமா மாதத்தைக் கேட்பதில் காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் மலை கிடையாது, காற்று உண்டு. கடற்றொழிலாளர் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: தெற்கிலிருந்து வந்தால் சோளகம், மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது சோளகமும் கச்சானும் கலந்தது, இந்தக் கரையை அறைகிறது. டிசெம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வாடையின் முறை. இடைப்பட்ட நாட்களில் காற்று ஓய்கிறது, மழை பெய்கிறது, அல்லது வெயில் மட்டும் நின்று கொல்கிறது.

காற்றை மலைக் கணக்கில் மாற்றியும் பார்க்கலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிப்பவர் எதிரே 25 கி.மீ. காற்று வீசினால், அவர் உடம்பில் மோதுவது 40 கி.மீ. காற்று. காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் எதிர்ப்பு ஏழு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவரும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 4 விழுக்காடு ஏற்றத்தில் மிதிப்பதற்குச் சமம். மலையில் 4 விழுக்காடு ஏற்றம் எங்காவது ஓரிடத்தில் முடியும், பிறகு இறக்கம் வரும். கற்பிட்டி வீதியில் பின்னேரம் மூன்று மணிக்கு எழும் காற்றுக்கு உச்சியும் இல்லை, மறுபக்கச் சரிவும் இல்லை. பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் கைற் சேர்ஃபிங்காரர் உலகின் பல மூலைகளிலிருந்தும் கற்பிட்டிக்கு வருவது இந்தக் காற்றுக்காகவே. அவர்களுக்குச் சொர்க்கமாக இருக்கும் நாள் சைக்கிள்காரருக்கு என்னவாக இருக்கும் என்பது அவர் எந்தப் பக்கம் பார்த்து ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

எதிர்க்காற்றை மலையாக மதித்த இன்னொரு நாடு நெதர்லாந்து. அங்கே 2013 முதல் எதிர்க்காற்றுச் சைக்கிள் போட்டி ஒன்று நடக்கிறது. சீலாந்து மாகாணத்தின் கடலணை மேல் 8.5 கி.மீ., கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள், புயல்காற்று வருமென்று வானிலையாளர் சொன்ன பிறகே சில நாள் முன்னறிவித்தலோடு போட்டி. கற்பிட்டிக் கோட்டையை 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டியவர்களும், கொழும்பிலிருந்து புத்தளம் வரை கரையோரமாக வாய்க்கால் வெட்டிப் படகு விட்டவர்களும் அவர்களுடைய முன்னோர்தான். தட்டையான ஈர நிலமும் ஓயாத காற்றும் கண்டு அந்த ஒல்லாந்தருக்கு ஊர் நினைவு வந்திருக்கும்.

ஆகவே திட்டம் நாட்காட்டியிலிருந்து தொடங்க வேண்டும், வரைபடம் பிறகு. ஜூலை, ஓகஸ்ட் விடுமுறையில் வருகிறவர் தெற்கிலிருந்து வடக்கே ஓட வேண்டும். காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வருகிறவர் சைக்கிளை ரயிலில் ஏற்றிப் புத்தளத்துக்குப் போய், அங்கிருந்து கற்பிட்டியைப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்க வேண்டும்; வாடை முதுகில் கை வைத்துக் கூட்டிவரும். இதை மாற்றிச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களைச் சிலாபம் வீதியோரத் தேநீர்க் கடைகளில், முகம் காய்ந்து, இரண்டாவது பிளேன்ரீ கேட்கும் நிலையில் காணலாம்.

ஓகஸ்ட் வழியையே எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு கிட்ட இருப்பதால் கொழும்பு நெரிசலுக்குள் நுழையவே தேவையில்லை. நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையில் மகா ஓயாவைத் தாண்டினால் புத்தளம் மாவட்டம். பிரதான ஏ3 வீதி நேராகப் போகிறது. ஆனால் அதில் தனியார் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தும் விதத்தைப் பார்த்தவர் அந்த வீதியில் சைக்கிள் விட ஆசைப்பட மாட்டார். வைக்காலில் கடற்கரைப் பக்கம் திரும்பி, வென்னப்புவ, மாரவில, தோடுவாவ என்று உள்வழியாகப் போவதே அறிவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழைய ஒல்லாந்து வாய்க்கால், நடுவில் தென்னை. குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து இலங்கையின் தென்னை முக்கோணம் இங்கேதான். தெங்கு ஆராய்ச்சி நிலையமும் பக்கத்தில் லுணுவிலவில் இருக்கிறது. வென்னப்புவ, மாரவிலப் பக்கத்தில் தென்னைகளுக்கு மேலாக எழும்பி நிற்கும் மாடி வீடுகளில் பல இத்தாலிக் காசில் கட்டியவை. ஒரு தலைமுறையே மிலானோவுக்கும் ரோமுக்கும் வேலைக்குப் போன ஊர்கள் இவை. சிலாபம் வரையான இந்த நாற்பது கிலோமீற்றரை ஒரு காலையில் முடித்துவிடலாம். முடிக்காமல் செவ்விளநீர்க் கடைகளில் நின்று நின்று போவதும் நல்லதுதான்.

சிலாபத்துக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி முன்னேசுவரம். போர்த்துக்கேயர் 1578இல் இடித்த கோயில். கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், மீண்டும் எழுந்தது. ஓகஸ்ட் – செப்டெம்பர் உற்சவக் காலத்தில் சிலாபத்தில் அறை எடுக்க நினைப்பவர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இந்த வழியில் முதன்முதல் ‘மலை விடுமுறை’க்குக் கிளம்பிய வெளிநாட்டுக்காரர் யார் என்று கேட்டால் இப்னு பதூதா என்று சொல்லலாம். 1344இல் மொரோக்கோவின் அந்தப் பயணி கப்பலில் வந்து பத்தாளா என்ற ஊரில் இறங்கினார்; புத்தளம்தான் அது என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாத மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போக வேண்டும் என்று கேட்டார். மன்னர் கொடுத்த ஏற்பாட்டைப் பார்த்தால் இன்றைய சுற்றுலா முகவர் எவரும் வெட்கப்படுவார்: பல்லக்கு, வருடந்தோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசவையாட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். முப்பத்திரண்டு பேர் துணையோடு போனவரின் வழியும் புத்தளத்திலிருந்து தெற்கே, சிலாபம் என்று கருதப்படும் பந்தர் சலாவாத் துறைமுகம் ஊடாகத்தான். சைக்கிள்காரருக்கு இரண்டு பக்கப்பையும் ஒரு காற்றடிக்கும் பம்பும் போதும்.

சிலாபத்துக்கு மேலே தெதுறு ஓயாவைத் தாண்டியதும் காற்றில் ஈரம் குறைகிறது. தென்னை ஐதாகி, பனையும் உடை மரமும் தலை காட்டுகின்றன. ஆனைவிழுந்தாவக் குளத் தொகுதிக்கு இந்தப் பாதையில்தான் திரும்ப வேண்டும். ஒன்றின் மிச்ச நீர் அடுத்ததற்குப் போகும்படி கட்டிய சின்னச் சின்னக் குளங்கள் அவை. 2001இல் றாம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் இடையே அணைக்கட்டின் மேல் மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம். சுற்றிலும் சதுரம் சதுரமாகக் கிடக்கும் இறால் பண்ணைகளில் எல்லாமே உயிரோடு இல்லை. கண்டற் காட்டை வெட்டித் தோண்டியவை அவை. 1990களில் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தபோது கைவிட்ட குட்டைகளும் அவற்றுள் உண்டு. அழகான படம் எடுக்க வந்தவர் இதையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தப் பயணத்தில் ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டிய ஊர் உடப்பு. பத்துலுஓயாவிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால், முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவே நெருங்கிய வீடுகளோடு ஒரு தமிழ் ஊர். இராமநாதபுரம் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது ஊர் வழக்கு. சுற்றிலும் சிங்களமே கேட்கும் பிரதேசத்தில் இந்தத் தமிழ் தனியாக நிலைத்திருக்கிறது. திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் உற்சவம், கடைசியில் தீமிதிப்பு, ஆடி மாதத்தில். கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டுக்கும் பெயர் பெற்ற ஊர் இது.

கரைவலை இழுப்பை அரை மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். வலையின் இரண்டு கயிற்று முனையும் கரையில் இருக்கும், நடுவில் மடி கடலில். இரண்டு வரிசை ஆட்கள் ஒரே தாளத்தில் பின்வாங்கிப் பின்வாங்கி இழுக்கிறார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் சேர்ந்து முடிக்கிறார்கள். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக மணலில் வட்டமாகச் சுற்றப்படுகிறது. மடி கரைக்கு வரும்போது பார்த்தால் சில நாள் வெள்ளி கொட்டியதுபோல் நெத்தலி, சில நாள் ஒரு கூடைக்கும் போதாத பொடி மீனும் பாசியும். எதிர்க்காற்றில் மிதித்தவருக்கு அந்தத் தாளம் உடனே புரியும்: பெரிதாக ஒருமுறை இழுத்துப் பலனில்லை, சிறிதாக நிறுத்தாமல் இழுக்க வேண்டும். கியரைக் குறைத்து, வேகத்தைப் பார்க்காமல், ஒரே சீராக மிதிப்பது என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் இதைத்தான். வேகமானியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவது நல்ல யோசனை.

உடப்புக்கு வடக்கே கடலோர மணல்வழி ஆசை காட்டும். ஊரில் கேட்காமல் போகக் கூடாது. ஒடுக்கமான ரயரோடு மணலில் இறங்கியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் திரும்புவார். பிரதான வீதிக்கே வந்து மதுரங்குளி வழியாகப் பாலாவிச் சந்தியை அடைவது பாதுகாப்பு. அங்கிருந்து நேரே போனால் புத்தளம் நகர், இடது கைப் பக்கம் திரும்பினால் கற்பிட்டி.

பாலாவியைச் சுற்றி உப்பளங்கள். களப்பு நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டுக் காயவைக்கிறார்கள். முதலில் ஜிப்சம் படிந்து கழிகிறது, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. வாரிக் குவித்த உப்பைக் கிடுகு போட்டு மூடுகிறார்கள். வெயிலும் காற்றும் இங்கே கூலி கேட்காத வேலையாட்கள். சைக்கிளுக்கு மட்டும் அவை பகை. இரண்டு நாள் இந்தக் காற்றில் ஓடிய சங்கிலி மூன்றாம் நாள் காலை செம்மஞ்சளாக இருக்கும். தங்குமிடத்தில் இரவு ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவதை உடம்பு கழுவுவதற்கு முன் செய்ய வேண்டும்.

பாலாவியிலிருந்து நுரைச்சோலை வரை ஏறத்தாழ பதினான்கு கிலோமீற்றர்தான் இந்தப் பயணத்தின் உண்மையான ‘மலை’. வீதி மேற்கே திரும்பிவிடுவதால், இவ்வளவு நேரம் தள்ளிய காற்று இடது கன்னத்தில் அறையத் தொடங்கும். லொறி ஒன்று கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து, மறுகணம் முழுப் பலத்தோடு திரும்பும். அந்தக் கணத்தில்தான் புதியவர்கள் வீதியின் நடுவுக்கு இழுபடுகிறார்கள். இந்தப் பகுதியைக் காலை ஆறு மணிக்கும் எட்டுக்கும் இடையில் முடித்துவிட வேண்டும். நிலம் சூடேறிய பிறகு கடற்காற்றும் பருவக்காற்றோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த வீதியோரக் கடைகளில் கேட்கும் தமிழைக் கவனிக்க வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சம் புகுந்தார்கள். முகாமாக இருந்தது ஊராகிவிட்டது. தேநீர் ஊற்றிக் கொடுப்பவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அவராகச் சொன்னால் கேட்கலாம்.

சைக்கிள் திருத்தும் கடைக்கும் இந்த வீதியில் குறைவில்லை. உடை முள்ளும் நெருஞ்சி முள்ளும் அவர்களுக்குத் தொழில் கொடுக்கின்றன. தகர டப்பாவில் தண்ணீர், அதில் டியூப்பை அழுத்திக் குமிழி வரும் இடத்தில் விரல், அரத்தாளால் இரண்டு தேய், சொலூஷன் தடவி ஊதிக் காயவைத்து ஒட்டு, மேலே சுத்தியலால் நான்கு தட்டு. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கடையில் தொங்குவது லுமாலா போன்ற உள்ளூர்ச் சைக்கிளுக்கான 26, 28 அங்குல டியூப்புகள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரும் 700சி சக்கரத்துக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கும் அங்கே ஒன்றும் கிடைக்காது. இரண்டு டியூப் மேலதிகமாகக் கொண்டுவர வேண்டும். அல்லது உள்ளூர்ச் சைக்கிளிலேயே ஓட வேண்டும். தட்டையான கரைக்கு அது போதாததும் அல்ல. 2022இல் பெற்றோல் வரிசை நாட்கணக்காக நீண்டபோது நாட்டில் பாதிப்பேர் அந்தச் சைக்கிளைத்தானே தூசு தட்டி எடுத்தார்கள்.

நுரைச்சோலையில் வானத்தைக் கீறி நிற்கிறது லக்விஜய அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி; மூன்று அலகும் சேர்ந்து 900 மெகாவாற். இவ்வளவு பெரிய நிலையமும் காற்றிடம் கைகட்டித்தான் நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது; செப்டெம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலுக்குள் ஆண்டு முழுவதுக்குமான கரியை இறக்கிக் குவித்துவிட வேண்டும். பக்கத்திலேயே மாம்புரியில் 2010 முதல் சுழலும் காற்றாலைகளோ அதே காற்றைச் சோறாகச் சாப்பிடுகின்றன. ஓகஸ்டில் வருகிறவர் காற்றாலை எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்று பார்த்துவிட்டு அன்றைய வழியைத் தீர்மானிக்கலாம். எந்த வானிலைச் செயலியும் இவ்வளவு உள்ளூர்ச் செய்தி சொல்லாது.

இனி வீதி வடக்கே திரும்புகிறது. காற்று மீண்டும் நண்பன். வலப்பக்கம் ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் விரிந்த புத்தளம் களப்பு, இடப்பக்கம் கடல், நடுவில் சில கிலோமீற்றர் அகல மணல் நிலம். வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். வீதியின் நடுவில் கழுதைகள் நிற்கும். மணி அடித்தாலும் நகராது, சைக்கிள்தான் சுற்றிப் போக வேண்டும். தலவிலவில் புனித அன்னாள் ஆலயம். மார்ச்சிலும் ஜூலை – ஓகஸ்டிலும் திருவிழா. அந்நாட்களில் இலங்கையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பேருந்து பேருந்தாகச் சனம் வந்து, மரத்துக்கடியில் கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கும். கூட்டம் பிடிக்காதவர் திகதி பார்த்து விலகலாம். ஆனால் சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரோடு கலந்து மெழுகுதிரி ஏற்றும் காட்சி மற்ற நாளில் கிடைக்காது.

தங்குவதற்குக் கண்டக்குளி, ஆலங்குடா, கற்பிட்டி நகர் என்று மூன்று இடம். ஆலங்குடாவிலும் கண்டக்குளியிலும் கடலைப் பார்த்த குடில்கள். காற்றுக் காலத்தில் பட்டக்காரர்களால் விலை ஏறும். நகருக்குள் சிறு விருந்தினர் இல்லங்கள். அங்கே விலை மலிவு, மீன்கறி நல்ல உறைப்பு. மலை விடுதியைப் போல ஒரே இடத்தில் நான்கு நாள் தங்கி, தினமும் ஒரு சுற்று ஓடித் திரும்புவதற்குக் கற்பிட்டி ஏற்ற ஊர். விதி ஒன்றுதான்: விடியற்காலை காற்று படுத்திருக்கும்போது அதற்கு எதிராகப் போ, எழும்பிய பிறகு அதோடு திரும்பி வா. ஆல்ப்ஸ்காரர்கள் காலையில் ஏறி மாலையில் இறங்குவதும் இந்தக் கணக்குத்தான்.

கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி கேட்டு, கூட வரும் கடற்படையாளோடுதான் சுற்றிப் பார்க்கலாம். கோட்டையைவிட இந்த ஊருக்குப் பெருமை, சைமன் காசிச்செட்டி 1807இல் இங்கே பிறந்தது. இலங்கையின் ஊர், ஆறு, கோயில் எல்லாவற்றையும் அகரவரிசையில் விவரித்த ‘சிலோன் கசற்றியர்’ நூலை 1834இல் தந்தவர். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் ‘தமிழ் புளூட்டார்க்’கை வெளியிட்டவரும் அவர்தான். இலங்கைக்கு முதல் வழிகாட்டி அகராதி எழுதியவர் பிறந்த ஊருக்கு, கையில் தொலைபேசி வரைபடத்தோடு வருகிறவர்கள் அவர் பெயரைக் கேள்விப்படாமலே போகிறார்கள்.

டொல்பின் பார்க்கும் ஆசை இருந்தால் ஓகஸ்ட் திட்டம் சரிவராது. சுழன்று பாயும் டொல்பின் கூட்டங்களைக் காணப் படகு போவது கடல் அடங்கியிருக்கும் நவம்பர் – ஏப்ரல் காலத்தில். உடப்புத் தீமிதிப்பும் டொல்பினும் ஒரே விடுமுறையில் கிடைக்காது. வடக்கே வில்பத்துக் காட்டுக்குள் நுழையலாம் என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். யானையும் சிறுத்தையும் உலவும் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் வாகனத்தில்தான் போகலாம்.

ஓகஸ்ட்காரர் திரும்புவது எப்படி? மிதித்து அல்ல. தெற்கே திரும்பினால் நாலு நாள் தள்ளிய காற்றைத் திருப்பிச் செலுத்த வேண்டிவரும். புத்தளம் ரயில் நிலையத்துக்கு வெள்ளென வந்து, சைக்கிளைப் பொதியாகப் பதிந்து, காசு கட்டி, கைபிடியில் துண்டுச் சீட்டுக் கட்டி, கார்ட் பெட்டியில் ஏற்றிவிடலாம். ரயில் பாலாவி உப்பளத்தைத் தாண்டித் தெற்கே ஊரும்போது யன்னலால் வரும் காற்று முகத்தில்தான் அடிக்கும். சிலாபம் நிலையத்தில் மாமா காத்திருப்பார். இறக்கிய சைக்கிளின் சங்கிலியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, “எண்ணெய் விடேல்லை என்ன?” என்று கேட்பார்.